சுலாஃபாவின் மேல் வரி

"காலையிலேருந்து போன்ல ஒரே பொம்பளை, ஒரே அழுகை. ஆபரேஷன் உனக்கா எனக்கான்னே தெரியல. ராத்திரி பூரா ஏசிக்குச் சண்டை, விடிஞ்சா இந்தப் பாட்டுக்காரிக்குச் சண்டை. மனுசன் எங்கதான் போவான்?" எட்வின் சொன்னதை, அவர் இழுத்த இழுப்போடு, கடைசிச் சொல்லில் குரலைத் தூக்கிய தூக்கோடு, ஜெசிந்தா தனக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். எங்கே போவார், கூடத்துக்குப் போவார், பேப்பரை விரித்து முகத்தை மூடிக்கொள்வார், கல்யாணமான நாளிலிருந்து வேறெங்கே போயிருக்கிறார். இந்த ஆளோடு சண்டை போடுவதில் உள்ள கஷ்டமே அதுதான். பாதியில் எழுந்து போய்விடுவார், மீதிச் சண்டையை இவளே இரண்டு பக்கமும் நின்று போட்டு முடிக்க வேண்டும். ஏசிக்குச் சண்டை போடாமல் என்ன செய்வதாம்? தூத்துக்குடிப் புழுக்கத்தில், உப்புக்காற்று கூட வீசாத ராத்திரியில், மனுஷி கண்ணசந்த பிறகு ரிமோட்டை எடுத்து அணைத்து வைக்கிற கஞ்சத்தனத்துக்கு மாலை போட்டு வரவேற்க வேண்டுமா? குவைத்தில் இருபத்திரண்டு வருஷம் ஏசி மெக்கானிக்காக ஊருக்கெல்லாம் குளிரடித்தவர், சொந்தப் பெண்டாட்டியை மட்டும் ஆவியில் வேகவைக்கிறார். துணி துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் ஸ்டூலில், பழைய நைட்டியும் தோளில் கிழிந்த துண்டுமாக, தலை நிறைய டை பூசிக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். நாளைக் காலை ஆஸ்பத்திரியில் சேர வேண்டும், மறுநாள் கழுத்தில் கத்தி. நரைத்த தலையோடு போய்ப் படுத்தால் அந்தச் சின்ன நர்ஸுகள் 'பாட்டி, வாயைத் திறங்க' என்பார்கள். அதற்கு இடம் கொடுக்கிற உத்தேசம் அவளுக்கு இல்லை. இரண்டு கையிலும் உறை, உறையெல்லாம் கறுப்பு, போன் சமையலறை ஜன்னல் விளிம்பில் பாடிக்கொண்டிருந்தது, அதைத் தொட வழியில்லை.

டொராண்டோவிலிருந்து மகள் ரொவீனா கோத்து அனுப்பிய பாட்டுகள். 'உன் சுலாஃபா பாட்டெல்லாம் வருஷப்படி அடுக்கியிருக்கேம்மா, பயம் வந்தா கேளு' என்று ஒரு செய்தியும். பயமா, யாருக்குப் பயம், கான்வென்ட் பெண்களுக்குப் பயம் கிடையாது, முழங்கால் போட்டு முழங்கால் போட்டு அதெல்லாம் தேய்ந்துபோயிற்று. முதல் பாட்டில் சுலாஃபாவுக்குப் பதினேழு வயது. குரலில் இன்னும் பள்ளிக்கூடத்து மணம், மூச்சு எங்கே வாங்குவது என்று தெரியாமல் தப்பான இடத்தில் வாங்குகிறாள். லெபனான் மலையில் ஏதோ சின்ன ஊர், அப்பா முடிதிருத்துகிறவர். கடையில் அவர் கத்தரிக்கிற தாளத்துக்குத்தான் பாடிப் பழகினாளாம், பாதி சவரத்தில் ஆட்கள் எழுந்து கைதட்டுவார்களாம், அப்பா கத்தியை ஓங்கி 'உட்காருங்கள், காது போய்விடும்' என்பாராம். கல்யாண மேடையில் முதல் தடவை பாடியபோது போட்டிருந்தது அத்தையின் கவுன், பெரிதாக இருந்ததால் முதுகுப்பக்கம் வரிசையாக ஊக்குக் குத்தியிருந்தார்கள், அதனால் கடைசிவரை திரும்பாமல் சனத்தைப் பார்த்தபடியே நின்றாள், அதுவே பிறகு அவளுடைய தோரணை என்று பேரெடுத்தது. இதையெல்லாம் சொன்னது மதாம் நுஹாத், குவைத்தில் எதிர்வீட்டு லெபனான்காரி. சொல்லும்போது ஏதோ தன் சொந்தத் தங்கையைப் பெற்று வளர்த்ததுபோலச் சொல்வாள். நெற்றியில் டை ஒரு சொட்டு வழிந்தது. துடைக்க முடியாது. ஊக்குக் குத்திய கவுனோடு பல்லைக் கடித்துக்கொண்டு நிற்கிற பெண்ணை நினைத்துக்கொண்டு ஜெசிந்தாவும் அசையாமல் இருந்தாள்.

அவளுக்கும் சுலாஃபாவுக்கும் ஒரே வயது. இதை யாரிடமும் சொன்னதில்லை, சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் அந்த ஒரே வயது ஒரு பெரிய பிடிமானமாக இருந்திருக்கிறது. குவைத்தில் போய் இறங்கியபோது இருபத்துமூன்று. எட்வின் விடிய வேலைக்குப் போனால் இருட்டித்தான் வருவார், வெளியே காலடி வைத்தால் தோல் உரிகிற வெயில், பேச ஆள் கிடையாது. அவளையா பேச ஆள் இல்லாத இடத்தில் கொண்டுபோய் வைப்பது! பேசாமல் இருந்தே முதல் மாதத்தில் காய்ச்சல் வந்தது. ஒருநாள் சமையலறை ஜன்னலைத் திறந்தபோது எதிர்ச் சமையலறையிலிருந்து வெங்காயம் வதங்குகிற வாசனையோடு ஒரு குரல் வந்தது. ஒரு வார்த்தை புரியவில்லை. ஆனால் அந்தக் குரல் யாரையோ நிற்கவைத்துக் கேள்வி கேட்டுக்கொண்டிருந்தது, அது மட்டும் நன்றாகப் புரிந்தது, இவள் கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு, சரியாக் கேளுடி, விடாதே, என்றாள். மதாம் நுஹாத் எட்டிப் பார்த்தாள், ரெக்கார்டரின் சத்தத்தைக் குறைப்பதற்குப் பதிலாகக் கூட்டி ஜன்னலில் தூக்கி வைத்தாள். அரபி அப்படித்தான் வந்தது, பாட்டு வழியாக, அதனால் கோணலாக வந்தது. கீழே பலசரக்குக் கடைக்காரக் கிழவரிடம் போய், அண்ணாச்சி என்கிற மாதிரி ஒரு மரியாதைச் சொல் வேண்டுமே என்று, பாட்டில் அடிக்கடி வருகிற 'யா ரூஹி'யைச் சொல்லி, யா ரூஹி, ஒரு கிலோ தக்காளி என்று கேட்டுவைத்தாள். என் உயிரே, ஒரு கிலோ தக்காளி. அந்த மனிதர் நாலு மாதம் வாயைத் திறக்காமல் அழுகாத தக்காளியாகப் பொறுக்கிக் கொடுத்தார், அவர் பெண்சாதி கடையில் இருந்த அன்றைக்குத்தான் விஷயம் வெளியே வந்தது. எட்வின் சிரித்துச் சிரித்துக் கட்டிலிலிருந்து விழுந்தார். 'என்னைய ஒருநாளாவது அப்படிக் கூப்பிட்டிருக்கியாட்டி?' என்றார். கூப்பிட்டதில்லை. இவள் கூப்பிடுவதெல்லாம் 'ஏங்க, இங்க பாருங்க, எத்தனை தடவை சொல்றது'தான்.

இரண்டாவது பாட்டு தொடங்கிவிட்டது. இதுதான் அந்தப் பாட்டு. தொடக்கத்தில் ஒற்றை வயலின், பிறகு தபலா மாதிரி ஒன்று, பிறகு அவள். ஜெசிந்தாவின் கால் தானாகவே தாளம் போட்டது, மனதுக்குள் தமிழ் வார்த்தை ஓடியது, 'வானக வாசல் திறந்திடு அம்மா, வாடிய எம்மை ஏற்றிடு அம்மா'. யாராவது இதை நம்புவார்களா? குவைத்தில் தமிழ்ப் பூசைக்குப் பாடுகிற குழுவில் மாதா திருநாளுக்குப் புதுப்பாட்டு ஒன்று வேண்டும் என்றார்கள். இவள்தான் கொண்டுபோனாள். கேசட் அட்டையில் சுலாஃபா நீலமுக்காடு போட்டு, கழுத்தில் சிலுவையோடு, கண்ணை மேலே தூக்கிக்கொண்டிருந்தாள், அது மாதா பாட்டாக இல்லாமல் வேறென்னவாக இருக்கும்? ஆர்மோனியத்தில் மெட்டைப் பிடித்து, தமிழ் வரி போட்டு, மூன்று வாரம் பழகி, திருநாளன்று உருக்கமாகப் பாடினார்கள். முக்கியமாக அந்த மேல் வரி, 'ஏற்றிடு அம்மா' என்று ஒரே மூச்சில் உச்சிக்கு ஏறி அங்கேயே நிற்கிற வரி, அதை எடுக்க அவள் ஒருத்தியால்தான் முடிந்தது. அக்கம்பக்கத்து அன்புக்காக வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்த மதாம் நுஹாத் கழுத்துத்துணியை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். இவள், பாவம், பக்தியில் அழுகிறாள் என்று நினைத்து இன்னும் உருகி உச்சியில் நின்றாள். பூசை முடிந்து வாசலில் வைத்துத்தான் மதாம் அர்த்தம் சொன்னாள். 'பின்படி வழியாக வா, செருப்பைக் கையில் எடுத்துக்கொள், அப்பா ரேடியோ பக்கத்தில் தூங்கிப்போனார்.' முக்காடு காதலனின் அம்மா பார்க்காமல் இருப்பதற்காம். மேல் வரியில் உச்சிக்கு ஏறிக் கேட்பது, வந்துவிட்டாயா, வந்துவிட்டாயா என்று. ஜெசிந்தாவுக்கு நிலம் பிளக்கவில்லையே என்று இருந்தது. மதாம் நுஹாத் அவள் கன்னத்தைப் பிடித்து, 'இருக்கட்டும் பெண்ணே, மாதாவும் ஒரு தாய்தானே, செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அவளிடம் அதிகம் வருவார்கள்' என்றாள். பாட்டை யாரும் நிறுத்தவில்லை. ஊருக்குத் திரும்பியவர்கள் அதையும் மூட்டைகட்டிக் கொண்டுவந்தார்கள். இப்போது இங்கே தெருக்கோடிக் கோயிலில் சனிக்கிழமை நவநாளுக்கு அதுதான் நிலையான பாட்டு, கோமஸ் மாஸ்டர் குழுவில் சேருகிற ஒவ்வொரு புதுப்பெண்ணுக்கும் அது போர்த்துக்கீசியர் காலத்து மெட்டு என்று கண்ணை மூடிக்கொண்டு விளக்கம் கொடுக்கிறார். ஜெசிந்தாவும் எட்வினும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் தரையைப் பார்ப்பார்கள். முப்பது வருஷக் கல்யாணத்தில் இருவரும் சேர்ந்து காப்பாற்றிய ஒரே ரகசியம்.

விழுங்கினாள். கழுத்துக்கட்டி, கொட்டைப்பாக்கு அளவில், அங்கேதான் இருக்கிறது, மேலே போய்க் கீழே வருகிறது. கெட்டது ஒன்றும் இல்லை, டெஸ்ட் எடுத்தாயிற்று, ஆனால் வளருகிறது, எடுத்துவிடலாம் என்றார் டாக்டர். சொல்லிவிட்டு ஒரு படம் வரைந்தார். 'குரல் நரம்பு கட்டியை ஒட்டியே போகுது, நூல் மாதிரி. ஜாக்கிரதையாத்தான் பண்ணுவோம். சிலருக்குப் பேச்சு கொஞ்ச நாள் கரகரக்கும். ஹை பிட்ச் போறது மட்டும் சில சமயம் திரும்பாது. நீங்க பாடுவீங்களா?' இவள் வாயைத் திறப்பதற்குள் எட்வின், 'அதெல்லாம் இல்ல டாக்டர், கோயில்ல சும்மா பாடுவா' என்றார். சும்மா. சனிக்கிழமை தவறாமல் இத்தனை வருஷம் உச்சியில் ஏறி நின்றது சும்மா. வாடகைக் காரில் வரும்போது ஜன்னல் பக்கமே முகத்தைத் திருப்பிக்கொண்டாள், வீட்டில் சோற்றைத் தட்டில் ஓங்கிப் போட்டாள், அதை அவர் கவனித்ததாகவும் தெரியவில்லை. சும்மாவாம். இந்த மனுஷருக்குக் குரல் என்றால் என்ன தெரியும்? ஆனால் தெரியாது என்றும் சொல்ல முடியாதே, அந்தக் கச்சேரி ராத்திரி, அங்கேதானே எப்போதும் வந்து முட்டுகிறது. சுலாஃபா குவைத்துக்குப் பாட வந்தாள். ஷேக் வீட்டுப் பெண்களுக்கே டிக்கெட் கிடைக்காத கச்சேரி. எட்வின் மட்டும் போனார், அந்த மண்டபத்து ஏசி அவர் கம்பெனி பொறுப்பு. மேடைக்கு வருவதற்கு முன்னால் அவள் ஆள் அனுப்பினாளாம், குளிர்காற்று தொண்டைக்கு ஆகாது, ஏசியை நிறுத்தாமல் வரமாட்டேன் என்று. எட்வின்தான் போய் நிறுத்தினார். சீமாட்டிகளின் மையும் பவுடரும் வழிந்து ஓட, அவள் மூன்று மணி நேரம் பாடினாள். 'அவ தொண்டையைக் காப்பாத்தினவன் இந்த எட்வின்' என்று பல வருஷம் சொல்லிக்கொண்டு திரிந்தார். எப்படிப் பாடினாள் என்று இவள் உயிரை விட்டுக் கேட்டதற்கு மட்டும், 'மெஷின் ரூம்ல நின்னேன், மெஷின் சத்தத்துல ஒண்ணும் கேக்கல' என்றார். அன்றைக்கு அப்படியே நம்பினாள். நம்பி, வருத்தப்பட்டு, கிடைத்த வாய்ப்பை மெஷினுக்குக் காவு கொடுத்த மனுஷன் என்று திட்டியும் தீர்த்தாள்.

பாட்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. சுலாஃபாவின் கல்யாணம், கணவனே மேனேஜர், மொட்டைமாடியில் பெரிய மின்விசிறி வைத்து முடி பறக்கவிட்ட படங்கள். பிறகு அந்த விவாகரத்து, ஒரே ஒரு பெட்டியில் மேடை உடுப்புகளை மட்டும் அடைத்துக்கொண்டு வெளியேறினாள், சட்டி பானை எல்லாம் நீயே வைத்துக்கொள் என்றாளாம். அன்றைக்கு ஜெசிந்தா மதாம் நுஹாத்தோடு உட்கார்ந்து ஒரு பானை டீ குடித்துக் கொண்டாடினாள். பிறகு மூக்கு. நல்ல மூக்கு, அப்பனுடைய மூக்கு, அதைப் போய்ச் செதுக்கிக்கொண்டு வந்தாள், இவள் ஆறு மாதம் அவளோடு பேசவில்லை, அதாவது கேசட்டைப் போடவில்லை. அவள் ஊரில் குண்டு விழுந்த வருஷம் பிழைக்கப்போன நாட்டிலிருந்து ரேடியோவில் பாடினாள், இவள் அதே வருஷம் வயிற்றில் இருந்த இரண்டாவதைப் பறிகொடுத்துவிட்டுப் படுத்திருந்தாள், மதாம் நுஹாத் ஜன்னலில் ரெக்கார்டரை வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். யாரும் வந்து, விடும்மா, எல்லாம் நல்லதுக்கு என்று சொல்லாத அந்த மத்தியானத்தில் அந்தக் குரல் ஒன்றுதான் பக்கத்தில் உட்கார்ந்தது, ஒன்றும் சொல்லாமல், புரியாத பாஷையில், அவளுக்காக அழுதுகொடுத்தது. இதற்கெல்லாம் நன்றி எங்கே போய்ச் சொல்வது? மெழுகுவர்த்தி ஏற்ற முடியுமா, லிப்ஸ்டிக்கும் இடுப்பாட்டமுமாக இருக்கிறவளுக்கு? ஏன், ஏற்றினால் என்ன? மாதாவுக்கு அவள் பாட்டைக் கொடுத்தாயிற்று, அவளுக்கு மாதாவின் மெழுகுவர்த்தியில் ஒன்று கொடுத்தால் கணக்குச் சரியாகத்தான் போகும். பிறகு தொண்டை. அதே கட்டி. கறுப்புக்கண்ணாடியும் சீவி முடித்த கொண்டையும் சிவப்பு நகமுமாக ஆஸ்பத்திரிப் படியேறுகிற போட்டோ எல்லாப் பத்திரிகையிலும் வந்தது, உள்ளே போனதும் நர்ஸ் முதல் வேலையாக நகப்பூச்சைத்தான் அழிக்கச் சொன்னாளாம். நேற்று இவளிடமும் சொன்னார்கள், நகப்பூச்சு கூடாது, மிஞ்சி கூடாது, மோதிரம் கூடாது. மூன்று வருஷம் சுலாஃபா பாடவில்லை. பிறகு பாடினாள். அதை இவள் கேட்கவில்லை. யாரோ சொன்னார்கள், குரல் கீழே இறங்கிவிட்டது, மணல் மாதிரி இருக்கிறது என்று. இந்தக் குரலோடு ஏன் வந்தாய், அந்தப் பழைய குரலோடு கண்ணை மூடிக்கொண்டிருக்கக் கூடாதா என்று ஒரு கோபம், சாவு வீட்டுக் கோபம் மாதிரி, அன்றோடு அவளுடைய புதுப்பாட்டைக் கேட்பதை விட்டுவிட்டாள். ரொவீனாவுக்கு அது தெரியாது. வருஷப்படி அடுக்கியிருக்கிறாள். கடைசியில் அதுதான் இருக்கும்.

"ஏங்க, அந்தப் போனைக் கொஞ்சம் நிறுத்துங்களேன், கையெல்லாம் டை." பேப்பர் புரளும் சத்தம் கூட இல்லை. நிறுத்து நிறுத்து என்று காலையிலிருந்து கரைந்தவர், நிறுத்தச் சொல்லும்போது ஆளைக் காணோம். எழுந்து முழங்கையால் தட்டப் பார்த்தாள், போன் ஜன்னல் விளிம்பில் இன்னும் உள்ளே நகர்ந்தது. அதற்குள் கைதட்டல் கேட்டது. மேடைப் பதிவு. கைதட்டல் ஓய வெகுநேரம் ஆயிற்று, பிறகு ஒற்றை வயலின், அதே வயலின், ஆனால் கீழே, இரண்டு மூன்று படி கீழே. பிறகு அவள். மணல்தான். பொய் சொல்லவில்லை. ஆனால் ஈரமணல், காலை வைத்தால் தாங்குகிற மணல். பின்படி வழியாக வா என்று இப்போது கேட்பது பதினேழு வயதுக்காரி இல்லை, அப்பா செத்துப்போய், ரேடியோ உடைந்துபோய், வீட்டில் தனியாக இருக்கிற ஒருத்தி, பின்படி எதற்கு, முன்வாசலே திறந்துதானே கிடக்கிறது என்று சிரித்துக்கொண்டே கேட்கிறாள். மன்னிப்புக் கேட்கவில்லை. மூச்சை எங்கே வாங்க வேண்டுமோ அங்கே வாங்குகிறாள். மேல் வரி வந்தது. ஜெசிந்தா கறுத்த கைகளை நெஞ்சுக்கு முன்னால் தூக்கிக்கொண்டு நின்றாள், வேண்டாம், ஏறாதே, விழுந்துவிடுவாய். சுலாஃபா ஏறவில்லை. கீழேயே நின்றுகொண்டு ஒரு வார்த்தை சொன்னாள், 'நீங்கள்' என்று, அவ்வளவுதான், அந்த அரபி இவளுக்குத் தெரியும். அரங்கமே எழுந்து அந்த வரியைத் தூக்கிக்கொண்டு போயிற்று, ஆணும் பெண்ணும், கிழடும் குஞ்சும், சுருதி தவறி, உச்சிக்கு. அடியில் அந்த மணல்குரல் மட்டும் அவர்களைத் தாங்கியபடி. அந்தக் கூட்டத்தில் ஏதோ ஓர் ஆண்குரல், கட்டைக்குரல், ஒரு கணம் பிந்தி வந்து சேர்ந்தது. அதைக் கேட்டதும் அவளுக்கு மெஷின் ரூம் ஞாபகம் வந்தது. ஏசியைத்தான் நிறுத்தியாயிற்றே. நிறுத்திய மெஷினுக்கு ஏது சத்தம்? இருபது வருஷம் கழித்தா இது உறைக்க வேண்டும்! அந்த மனுஷர் கேட்டிருக்கிறார். சுவரின் மறுபக்கம் தனியாக நின்று முழுக்கச்சேரியும் கேட்டிருக்கிறார், கேட்க முடியாமல் போன பெண்டாட்டியிடம் வந்து, ஒன்றும் கேட்கவில்லை என்றிருக்கிறார். அப்புறம், கஞ்சத்தனமா? மாசாமாசம் கரண்டு பில்லைப் பார்க்காமலே கட்டுகிறவரா கஞ்சன்? டாக்டரைப் பார்த்து வந்த ராத்திரியிலிருந்துதானே ரிமோட்டை எடுத்தார். அதற்கு முன்னால் ஒரு கோடையிலாவது அணைத்தாரா? குளிர்காற்று தொண்டைக்கு ஆகாது. கடவுளே, நான் எப்படியெல்லாம் திட்டினேன். அவரும் வியர்த்து வழிந்துகொண்டு படுத்திருந்தாரே, வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னால் என்ன, குறைந்தா போய்விடுவார்?

பாட்டு முடிந்து மறுபடி கைதட்டல், மறுபடி அதே பாட்டுக்கு வயலின், கூட்டம் விடவில்லை போலிருக்கிறது. முதுகில் டை கோடாக இறங்கிக்கொண்டிருந்தது, இறங்கட்டும். மாதாவே, சுலாஃபா, யாராக இருந்தாலும் சரி, இவ்வளவு நாள் கொடுத்து வைத்ததற்கு ஸ்தோத்திரம், நூல் அறுந்தாலும் ஸ்தோத்திரம்தான், ஆனால் அறுக்காதே. கூடத்துப் பக்கம் திரும்பிக் கூப்பிட்டாள். "ஏங்க." பின்வாசலில் அவர் செருப்பு இருக்கிறதா, முன்வாசலில் இருக்கிறதா, இங்கிருந்து தெரியவில்லை. இருக்கிற தொண்டையிலேயே கேட்டுவிட வேண்டும் என்று, திட்டுகிற குரலை விட்டுவிட்டு, கோயில் குரலில், கொஞ்சம் சத்தமாகவே சொன்னாள்.

"ஏங்க, கேக்குதா? நான் திரும்பி வந்ததும், சனிக்கிழமை, அந்த மேல் வரி வர்றப்போ நீங்க பாடுங்க. நான் கீழ நின்னுக்குறேன். பாடுவீங்களா?"